வழுக்குப் பாறையில் மேயும் மீன்கள்

(அம்பாசமுத்திரத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பார்த்து இறங்கு, பாசி வழுக்கும்." ஆற்றங்கரை ஊரில் வளர்ந்த யாரும் இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. அம்மா சொல்லியிருப்பார், ஆச்சி சொல்லியிருப்பார், பக்கத்துப் படியில் குளிக்க வந்த முன்பின் தெரியாத ஒருவர்கூடச் சொல்லியிருப்பார். இன்று நான் பேச வந்திருப்பது அந்த வழுக்கலைப் பற்றியும், அதைத் தின்று உயிர் வாழும் ஒரு மீன் கூட்டத்தைப் பற்றியும். ஆற்றைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் தண்ணீரைப் பற்றியே பேசுகிறோம். அணையில் எத்தனை அடி, மதகில் எத்தனை கன அடி, கடலுக்கு எவ்வளவு போனது என்று கேட்கிறோம். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கல் செத்தால் ஆறும் பாதி செத்ததுதான் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்பதை இந்த மீன்களை வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் வழுக்கல். ஓடும் தண்ணீரில் முழுகிக் கிடக்கும் ஒரு கூழாங்கல்லை எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பழுப்பும் பச்சையுமாகக் கொழகொழவென்று ஒரு பூச்சு வரும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அதற்குள் ஒரு தோட்டமே இருக்கிறது. டயாட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் இருக்கும். அவற்றின் செல் சுவர் சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடி போன்ற பொருள். இழையிழையாக வளரும் பச்சைப்பாசி, நீலப்பச்சைப்பாசி, பாக்டீரியா, பூஞ்சை, இடையிடையே படிந்த வண்டல், அதில் ஊரும் பூச்சிக் குஞ்சுகள் எல்லாம் சேர்ந்ததுதான் நம் காலை வாரிவிடும் அந்த வழுக்கல்.

குளத்தில் மிதவைப் பாசி வளரும். தண்ணீர் நிற்பதால் அது அங்கேயே இருக்கும். விரைந்து ஓடும் மலையாற்றில் மிதப்பதெல்லாம் அடித்துச் செல்லப்பட்டுவிடும். கல்லைப் பற்றிக்கொண்டு வளர்வதே நிலைக்கும். மரங்கள் கவிந்து நிழல் விழும் மேல் ஓடைகளில் உதிர்ந்த இலைகளும் உணவாகின்றன என்பது உண்மை. ஆனால் ஓடை விரிந்து, வெயில் தரையைத் தொடும் இடத்துக்கு வந்துவிட்டால், ஆற்றின் சமையல் இந்தக் கல்லின் மேல்தான் நடக்கிறது. சூரிய ஒளி உணவாக மாறும் இடம் அது. அந்த உணவை நேரடியாக வாய் வைத்து எடுக்கத் தெரிந்த மீன்கள் ஆசியாவின் மலையாறுகளில் பல வகை உண்டு. அவற்றில் மிகப் பரவலான ஒரு பேரினத்தின் அறிவியல் பெயர் கர்ரா. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கல்லை ஒட்டி வாழ்வதால் இந்தப் பேச்சில் அதைக் கல்லொட்டி என்றே அழைக்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து எத்தியோப்பியா, அரேபியா, துருக்கி, ஈரான், இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து வழியாகத் தென் சீனம் வரை இந்தக் கல்லொட்டிகள் இருக்கின்றன. இதுவரை பெயர் சூட்டப்பட்ட இனங்கள் நூற்றைம்பதுக்கும் மேல். பெரும்பாலானவை ஒரு சாணுக்குள் அடங்கிவிடும் சின்ன மீன்கள். முதுகு கல்லின் நிறம். மேலிருந்து பார்த்தால் மீன் இருப்பதே தெரியாது, அசையும்போதுதான் கல் நகர்ந்ததோ என்று தோன்றும்.

அதைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தால்தான் அதிசயம் தெரியும். வாய் முகத்தின் முன்னால் இல்லை, அடியில் இருக்கிறது. மூக்கின் மேல்தோல் கீழே மடிந்து மேல் உதட்டை மூடியிருக்கும், அதன் ஓரம் குஞ்சம் கட்டியதுபோல் கிழிகிழியாக இருக்கும். கீழ் உதடு விரிந்து, தாடைக்குப் பின்னால் ஒரு வட்டத் தட்டாக மாறியிருக்கும். தட்டின் நடுவே காய்த்துப் போன ஒரு மெத்தை, சுற்றிலும் நுண்ணிய புடைப்புகள். இந்தத் தட்டைக் கல்லில் அழுத்தித்தான் மீன் வெள்ளத்தில் நிற்கிறது. தட்டின் தோலை மிகப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் நகம்போன்ற கடினமான ஒரு கொக்கி எழுந்திருப்பது தெரியும். டைசன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க மீனியலாளர் 1982இல் இந்த ஒற்றைச் செல் கொக்கிகளைப் பல மீன்களில் ஆராய்ந்து அவற்றுக்கென்றே ஒரு பெயரும் வைத்தார். உறிஞ்சிப் பிடிப்பதோடு, சொரசொரப்பால் பற்றிப் பிடிப்பதும் இங்கே நடக்கிறது.

உடம்பும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. மார்புத் துடுப்புகள் பக்கவாட்டில் விசிறிபோலக் கிடையாக விரிந்திருக்கும். வயிற்றுப்புறம் தட்டை. பல இனங்களில் மார்பில் செதில் குறைந்தோ மறைந்தோ இருக்கும். மற்ற மீன்களை மிதக்க வைக்கும் காற்றுப்பை இவற்றில் சிறுத்துவிட்டது. மிதப்பது இவற்றுக்கு வேண்டாத வேலை, அடியில் கிடப்பதே தேவை. குடல் மட்டும் மிக நீளம், உடம்பின் நீளத்தைப் போலப் பல மடங்கு. அது சுருள் சுருளாக வயிற்றுக்குள் அடங்கியிருக்கும். கண்ணாடிச் சுவர் கொண்ட டயாட்டத்தையும் அதோடு சேர்ந்து வரும் மண்ணையும் தின்று அதிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்க அந்த நீளம் தேவைப்படுகிறது.

இங்கே ஒரு சிக்கலை உங்கள் முன் வைக்கிறேன், மாணவர்கள் குறிப்பாக யோசிக்க வேண்டும். வேகமான தண்ணீரில் பாசி மேய வேண்டுமென்றால் மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பாசியைச் சுரண்ட வேண்டும், மூச்சும் விட வேண்டும். மீன் வாய் வழியாகத் தண்ணீரை இழுத்து செவுள் வழியாக வெளியே விட்டுத்தான் மூச்சு விடுகிறது. வாயால் கல்லைப் பிடித்துக்கொண்டால் மூச்சு எப்படி விடுவது?

கல்லொட்டி கண்டுபிடித்த வழி எளியது. பிடிப்பதற்கு மோவாய், தின்பதற்கும் மூச்சுக்கும் வாய். தட்டு வாய்க்குப் பின்னால் இருப்பதால் வாய் எப்போதும் திறந்தே இருக்கலாம்.

மேக்கோங் ஆற்றுப் பக்கம் போனால் வேறொரு தீர்வு. அங்கே கைரினோகைலஸ் என்ற பேரினம் இருக்கிறது. மொத்தமே மூன்று இனங்கள்தான். அதில் ஒன்றைக் கம்போடியாவிலிருந்து 1883இல் பிரெஞ்சுக்காரரான திரான் விவரித்தார். கல்வெட்டு அறிஞர் ஏமோனியேயின் பெயரை அதற்கு இட்டார். இந்த மீன் உதடுகளாலேயே கல்லைக் கவ்விக்கொள்கிறது. ஆகவே வாய் வழியாகத் தண்ணீர் இழுக்க முடியாது. அதற்காகச் செவுள் மூடியின் மேல் மூலையில் தனியாக ஒரு சிறு துளை உருவாகியிருக்கிறது. தண்ணீர் மேல் துளை வழியாக உள்ளே போய், கீழ்ப் பிளவு வழியாக வெளியே வரும். வாய் பூட்டிக் கிடந்தாலும் மூச்சு நிற்பதில்லை. இந்த மூச்சு மிக வேகமானது, நிமிடத்துக்கு 200 முறைக்கும் மேல் செவுள் துடிக்கும். சயாம் அரசின் மீன்வளத் துறையை உருவாக்கிய அமெரிக்கர் ஹியூ ஸ்மித் இதைக் கூர்ந்து பார்த்து எழுதியவர்களில் ஒருவர். உலகில் இத்தனை ஆயிரம் நன்னீர் மீன்கள் இருந்தும் இப்படி உள்வழி ஒன்று, வெளிவழி ஒன்று என்று செவுளில் இரண்டு வாசல் வைத்திருப்பது அபூர்வம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மூன்றாவது வழியும் இருக்கிறது. பவானியா என்றொரு அயிரை வகை. ஆம், பவானி ஆற்றின் பெயர்தான். அது மோவாயையும் நம்பவில்லை, உதட்டையும் நம்பவில்லை. மார்புத் துடுப்பையும் வயிற்றுத் துடுப்பையும் அகல விரித்து உடம்பின் அடிப்பகுதி முழுவதையும் கல்லோடு அப்பிக்கொள்கிறது. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கல்லை ஒட்டிய மெல்லிய அடுக்கில் வேகம் குறைவு. உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டால் அந்த அடுக்குக்குள் பதுங்கிவிடலாம்.

ஜப்பானில் நான்காவது வழி. ஆயு என்ற மீன் எதையும் பிடித்துக்கொள்வதே இல்லை. வேகமாக வந்து பக்கவாட்டில் சாய்ந்து, சீப்புப்போன்ற பற்களால் கல்லின் மேல் ஒரு கீறு கீறிவிட்டு விலகிவிடும். மறுபடி வரும், மறுபடி கீறும். மேய்ந்த கல்லில் மூங்கில் இலை வடிவில் தடங்கள் விழும். ஜப்பானியத் தூண்டில்காரர்கள் ஆற்றில் இறங்குமுன் அந்தத் தடங்களைத்தான் தேடுவார்கள். ஆயுவுக்கு ஒரே ஆண்டுதான் ஆயுள். இலையுதிர் காலத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பொரித்து, குஞ்சாகக் கடலுக்குப் போய், வசந்தத்தில் திரும்பி வந்து, கோடை முழுவதும் பாசி மேய்ந்து, முட்டையிட்டு மடிந்துவிடும். கோடையில் ஒவ்வொரு மீனும் சில கற்கள் கொண்ட ஒரு சின்ன நிலத்தைத் தனதென்று காவல் காக்கும், வேறு ஆயு வந்தால் முட்டித் துரத்தும். அந்தக் கோபத்தையே மனிதர்கள் தூண்டிலாக்கிவிட்டார்கள். உயிருள்ள ஓர் ஆயுவைக் கயிற்றில் கட்டிக் கல் பக்கம் விட்டால், விரட்ட வரும் காவல்காரன் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பாசி படிந்த நான்கு கல்லுக்காக ஒரு மீன் உயிரைப் பணயம் வைக்கிறது என்றால், அந்தப் பாசியின் மதிப்பு என்ன என்று நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இந்த மீன்களைப் பற்றிய அறிவு எப்படி வளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் நம் மண்ணின் பங்கு பெரிது. கர்ரா என்ற பெயரை அச்சில் ஏற்றியவர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன். 1822இல் வெளிவந்த கங்கை ஆற்று மீன்கள் பற்றிய நூலில் அந்தப் பெயர் வருகிறது. இதே புக்கானன்தான் 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கொங்கு நாடு, மலபார் என்று சுற்றி, உழவும் நெசவும் உப்பும் இரும்பும் குறித்து விரிவாக எழுதியவர். 1839இல் கர்னல் சைக்ஸ் தக்காணத்திலிருந்து முல்யா என்ற கல்லொட்டியை விவரித்தார். 1849இல் சென்னைப் படையின் மருத்துவர் ஜெர்டன் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது நீலகிரி அடிவாரத்திலிருந்தும் பவானியிலிருந்தும் இரண்டு கல்லொட்டிகளைச் சேர்த்தார். பறவை நூல்களால் புகழ் பெற்ற அதே ஜெர்டன்தான்.

ஆனால் இந்த மீன்களை உண்மையிலேயே புரிந்துகொண்டவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் சுந்தர் லால் ஹோராவைச் சொல்வேன். 1896இல் பஞ்சாபின் ஹாபிசாபாதில் பிறந்தவர். 1919இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் சேர்ந்தார், பின்னாளில் அதன் இயக்குநரானார், பதவியில் இருக்கும்போதே 1955இல் மறைந்தார். 1921இல் இந்தியக் கர்ரா இனங்கள் அனைத்தையும் சீர்செய்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்குமுன் மீனியல் என்றால் பாட்டிலில் சாராயத்தில் ஊறும் மீனின் துடுப்பு முள்ளை எண்ணுவது. ஹோரா அதோடு நிற்கவில்லை. அருவிக்கும் ஓடைக்கும் போய், எந்த உறுப்பு எதற்கு, எந்த வேகத்தில் எது நிற்கிறது என்று கேட்டார். காட்டாற்று உயிர்களின் பற்றும் உறுப்புகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி 1930இல் வெளியிட்டது.

அவர் இன்னொரு பெரிய கேள்வியையும் எழுப்பினார். இமயமலைக்கும் மலேயாவுக்கும் உரிய மலையாற்று மீன்களின் உறவுகள் எப்படி மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன? நடுவில் இருக்கும் சமவெளி ஆறுகளில் அவை இல்லையே. பண்டைக் காலத்தில் சாத்பூரா மலைத்தொடர் உயரமாகவும் ஈரமாகவும் இருந்தது, அந்த மலைப் பாலத்தின் வழியே ஓடை ஓடையாக இவை தெற்கே வந்தன என்று ஹோரா வாதிட்டார். சாத்பூரா கருதுகோள் என்று அதற்குப் பெயர். பிற்கால மரபணு ஆய்வுகள் அதைப் பலவாறு கேள்விக்கு உட்படுத்தியிருக்கின்றன. வழி எதுவானாலும் கேள்வி பெரிய கேள்வி. ஒரு விரல் நீள மீன் ஒரு துணைக்கண்டத்தின் மலை வரலாற்றைக் கேட்க வைத்தது. ஹோராவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் மரியாதை, அந்தத் துணிவுக்குத்தான்.

அவருக்குப் பின் சைலாஸ் வந்தார். இவர் பிற்காலத்தில் கொச்சியில் மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1954இல் நம் தாமிரபரணியின் மலைப்பகுதியிலிருந்து ஒரு சின்னக் கல்மேயும் மீனை விவரித்து, அதன் பேரினத்துக்கு ஹோராவின் பெயரையே சூட்டினார். இப்போது அதையும் கர்ராவோடு சேர்த்துவிட்டார்கள். 1964இல் மீனியலாளர் மேனன் உலகக் கர்ரா இனங்கள் அனைத்துக்கும் ஒரு முழு நூல் தந்தார். 1993இல் நம் களக்காட்டிலிருந்து ஓர் இனம் கண்டறியப்பட்டு, களக்காட்டின் பெயரையே பெற்றது. இலங்கையில் மட்டும் வாழும் இனங்களும் உண்டு. ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தவர்கள் இந்த மலை ஓடைகளில் ஆண்டுக்கணக்கில் இறங்கி வேலை செய்தவர்கள். இந்த அரங்கிலிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரும் ஊர் அது. உலக மீனியல் நூல்களில் இடம் பெற்ற மீன்கள் நம் வீட்டுக் கொல்லையில் இருக்கின்றன என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் இவ்வளவு பெயர்களைச் சொன்னேன்.

இந்தக் குடும்பத்தின் ஒரு கிளையை நீங்கள் ஏற்கெனவே சந்தித்திருக்கலாம். பெரிய நகரங்களின் வணிக வளாகங்களில் தொட்டிக்குள் காலை வைத்தால் சின்ன மீன்கள் மொய்த்துத் தோலைக் கொறிக்கும் அல்லவா, அதற்குப் பெயர் பெற்ற மீன் கர்ரா ரூஃபா. அதுவும் கல்லொட்டிதான். துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் கங்கல் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. தண்ணீர் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். அங்கே மேய்ச்சலுக்குக் கிடைப்பது குறைவு. பசித்த மீன், குளிக்க வந்த மனிதர்களின் இறந்த தோலைக் கொறிக்கப் பழகியது. தோல் நோய் உள்ளவர்கள் அங்கே தேடிப் போகிறார்கள். வணிகத் தொட்டிகளில் நடப்பது வேறு. தோலைக் கொறிக்க வேண்டுமென்றால் மீன் பசியோடு இருக்க வேண்டும். பாசி மேயப் பிறந்த ஒன்றைப் பட்டினி போட்டு நம் குதிகாலைத் தின்ன வைப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குத் தொற்று பரவும் அபாயமும் இருக்கிறது. வெளிநாடுகளில் சில இடங்களில் இதைத் தடை செய்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கிளையும் உண்டு. வெளிச்சமே இல்லாத இடத்தில் பாசி வளராது. அங்கேயும் கல்லொட்டி போய்ச் சேர்ந்திருக்கிறது. ஓமான் நாட்டின் அல் ஹூத்தா குகைக்குள் கண் பார்வை இழந்த கர்ராக்கள் இருக்கின்றன. குகைக்கு வெளியே அவற்றின் உறவுகள் கண்ணோடு மேய்கின்றன. சோமாலியாவின் நிலத்தடி நீரில் வாழும் ஓர் இனத்துக்குக் கண்ணும் இல்லை, செதிலும் இல்லை, நிறமும் இல்லை. அதன் உடற்கடிகாரம் ஒளிக்குக் கட்டுப்படுவதில்லை, நாள் ஒன்றுக்கு 24 மணி நேரம் என்ற கணக்கும் அதற்கு இல்லை. அதன் உள்சுழற்சி 47 மணி நேரத்தை ஒட்டியது என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வெயிலை நம்பி வாழ்ந்த ஒரு குலம் வெயிலை இழந்தால் என்னவெல்லாம் கழன்று போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எதுவும் எனக்குத் தெரியாது.

சரி, இந்த மீன்கள் ஆற்றுக்கு என்ன செய்கின்றன? பாசி இவற்றுக்கு உணவு, அது புரிகிறது. இவை பாசிக்கு என்ன செய்கின்றன? இதற்கு மிகத் தெளிவான விடை கிடைத்தது ஆசியாவில் அல்ல, பனாமாவில். அமெரிக்கச் சூழலியலாளர் மேரி பவர் அங்கே ஓர் ஓடையில் பாசி மேயும் கவசக் கெளுத்திகளைக் கவனித்தார். வெயில் விழும் மடுக்களில் பாசி வேகமாக வளரும், நிழல் மடுக்களில் மெதுவாக வளரும். ஆனால் கல்லைப் பார்த்தால் இரண்டிலும் பாசி கிட்டத்தட்ட ஒரே அளவு. காரணம், வெயில் மடுவில் மீன்கள் அதிகம் கூடியிருந்தன. புல் எங்கே செழிப்போ அங்கே ஆடுகள் கூடுவதுபோல வளர்ச்சியின் வேகத்துக்கு ஏற்ப அவை தம்மைப் பங்கிட்டுக்கொண்டன. இன்னொன்றையும் அவர் கண்டார். மீன்களை வலையிட்டுத் தடுத்த இடத்தில் கல்லின் மேல் வண்டல் படிந்தது, வண்டலுக்கு அடியில் பாசி வளர முடியாமல் தவித்தது. மீன் மேய்ந்த கல்லில் வண்டல் இல்லை, பாசி குட்டையாகவும் வீரியமாகவும் இருந்தது. மேய்வதே கல்லைத் துடைக்கும் வேலையாகவும் இருக்கிறது.

நம் ஓடைகளிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். கல்லொட்டிகள் உள்ள இடத்தில் கல் பளபளவென்று பழுப்பு நிறத்தில் இருக்கும். அவை போன இடத்தில் பச்சை இழைகள் நீண்டு, சேறு பிடித்து, சடைசடையாகத் தொங்கும். அந்தச் சேற்றில் கல் இடுக்குகள் அடைபடும். இடுக்கில் வாழும் பூச்சிகள் போகும், பூச்சியை நம்பிய மீன்கள் போகும், மீனை நம்பிய மீன்கொத்தியும் நீர்நாயும் வேறிடம் தேடும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கல்லைக் கொல்ல நமக்குப் பல வழிகள் தெரிந்திருக்கின்றன. மேலே காட்டைத் திருத்தினால் வண்டல் இறங்கிக் கல்லை மூடும். ஓடையின் குறுக்கே தடுப்பணை கட்டினால் ஓட்டம் நின்று, தடுப்புக்கு மேலே கல் சேற்றுக்குள் புதையும். கல்லொட்டிக்குத் தேங்கிய தண்ணீர் எவ்வளவு ஆழமாக இருந்தும் பயனில்லை, அதற்கு வேண்டியது ஓடுகிற தண்ணீர், வெயில் எட்டும் ஆழம். மின்சாரத்துக்காகத் தண்ணீரை மணிக்கணக்குப் போட்டுத் திறந்து மூடும் ஆறுகளில், கல் சில மணி நேரம் நனைந்தும் சில மணி நேரம் வெயிலில் காய்ந்தும் கிடக்கும். காய்ந்த கல்லில் பாசி கருகிவிடும். ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரத்தை இறக்கிப் பாறையையும் குண்டுக்கல்லையும் வாரிக் கரையில் குவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வயிறு எரிகிறது. அந்தக் கல் குப்பை இல்லை, ஆற்றின் விளைநிலம்.

தாமிரபரணிக் கரையில் உள்ள பாபநாசத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அங்கே வருகிறவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். பாவம் போக்க வருகிறார்கள், முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறார்கள், உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். துணி மிதந்து போய்விடுவதில்லை. பாறைக்கும் பாறைக்கும் நடுவே சிக்கி, அடித்தளத்தில் விரிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துவிடுகிறது. தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் துணி என்பது பெரும்பாலும் பாலியஸ்டர், மக்காது. துணி போர்த்திய கல்லில் வெயில் படாது, பாசி வளராது, மீன் மேய முடியாது. படித்துறையில் பொரி வாங்கிப் போட்டு மீனுக்குச் சோறு கொடுத்தோம் என்று நிம்மதியடைகிறோம். அதே மீனின் வயலை வேட்டியால் மூடிவிட்டு வருகிறோம். துணியைக் கரையில் ஒரு தொட்டியில் போட்டால் அந்தச் சடங்கின் புனிதம் எந்த வகையிலும் குறையாது என்பது என் உறுதியான எண்ணம்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து நம் ஊர்க் கடைகள் வரை, கண்ணாடியில் பாசி பிடித்தால் "சக்கர் வாங்கி விடுங்க, கிளீன் பண்ணிடும்" என்பார்கள். அது தென் அமெரிக்கக் கெளுத்தி. குட்டியாக வாங்குகிறோம், தொட்டிக்கு அடங்காமல் வளர்கிறது, இரக்கப்பட்டு ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அது நீர்நிலைகளில் நிலைகொண்டுவிட்டது. கவசம் போர்த்த உடம்பு, கரையில் வளை தோண்டும் பழக்கம், உள்ளூர் மீன்களோடு உணவுக்குப் போட்டி. சீனப் பாசித்தின்னி என்று விற்கும், நான் முன்பு சொன்ன மேக்கோங் மீனும் தொட்டிக்குத் தொல்லைதான். குஞ்சில் பாசி மேயும், வளர்ந்ததும் மற்ற மீன்களை விரட்டி அவற்றின் உடல் வழவழப்பையே உறிஞ்சத் தொடங்கும். தொட்டியில் வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஆற்றில் விடாதீர்கள்.

கடைசியாக மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். கூரையிலிருந்து இறக்கிப் போட்ட நாட்டு ஓடுகள் பல வீடுகளில் கிடக்கும். சுட்ட மண் ஓட்டில் பாசி நன்றாகப் படியும். ஓடை ஆய்வுகளில் உலகெங்கும் இத்தகைய மண் சில்லுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரே அளவாகப் பத்து துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிந்து, வெள்ளம் வடிந்த மாதங்களில், முழங்கால் ஆழத்தில், ஓட்டமுள்ள இடத்தில் ஐந்தைத் திறந்தபடி வையுங்கள். மற்ற ஐந்தின் மேல் சின்னக் கண் உள்ள கம்பி வலையைக் கூடுபோலக் கவிழ்த்து மீன் அண்டாமல் செய்யுங்கள். வலையில் சிக்கும் இலைதழையை அடிக்கடி தட்டிவிட வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. கல்லும் பாறையும் உள்ள நம் படித்துறைப் பக்கமே போதும், பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நான்கு வாரம் கழித்து ஓடுகளை எடுத்து, பாசியைப் பல் துலக்கும் பிரஷால் சுரண்டி, உலர்த்தி, கல்லூரி ஆய்வுக்கூடத் தராசில் எடை போடுங்கள். வலைக்குள் இருந்த ஓட்டுக்கும் வெளியே இருந்த ஓட்டுக்கும் எடையில் வித்தியாசம் தெரிந்தால் அந்த இடத்தில் மேய்ச்சல் நடக்கிறது என்று பொருள். வித்தியாசமே இல்லையென்றால் அங்கே ஏன் மீன் வரவில்லை என்று கேட்கத் தொடங்க வேண்டும். தேதி, இடம், ஆழம், எடை என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் வையுங்கள்.